இரவில் எத்தனை பேர்?



சென்ற வாரம் காலை நடை முடித்துக் கடற்கரைச் சாலையில் காந்தி சிலைக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். பள்ளித் தோழர் ஒருவர் வந்து பக்கத்தில் அமர்ந்தார். வழக்கமாக அரசியல் பேசுவார். அன்று நெடுநேரம் வாயே திறக்கவில்லை. பிறகு மெதுவாகக் கேட்டார்: "பெரியவனை ஒரு மனநல இல்லத்தில சேர்க்கலாம்னு இருக்கோம்ப்பா. எனக்கும் வயசாயிடுச்சு, அவளுக்கும் முடியல. நீ கவர்ன்மென்ட்ல இருந்தவன். நல்ல எடமான்னு எதை வச்சுக் கண்டுபிடிக்கிறது?"

"ராத்திரியில எத்தனை பேர் வேலையில இருக்காங்கன்னு பாரு" என்றேன்.

இந்த ஒரு வரியை நான் கற்றுக்கொண்ட கதையை அவரிடம் சொல்லவில்லை. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக என் மனைவியைத் தவிர வேறு யாரிடமும் சொன்னதில்லை. இங்கே எழுதிவிடுகிறேன்.

எனக்கு ஒரு தம்பி. ஏழு வயது இளையவன். கல்லூரியில் சேர்ந்த இரண்டாம் ஆண்டு அவனுக்குக் காதில் குரல்கள் கேட்கத் தொடங்கின. அம்மா இருந்தவரை அம்மா பார்த்துக்கொண்டார். அம்மா போன பிறகு, என் பிள்ளைகள் படிக்கும் வயது, வீடும் சிறியது. 1996-இல் தெற்கே நான்கு மணி நேரப் பயணத்தில் இருந்த ஒரு தனியார் இல்லத்தில் அவனைச் சேர்த்தேன். மாதத்தின் முதல் ஞாயிறு, காலை பதினொரு மணிக்குப் பார்க்கலாம் என்றார்கள். ஒரு மாதமும் தவறாமல் போனேன். தலை வாரி, முகத்துக்குப் பவுடர் போட்டு, சலவைச் சட்டையோடு உட்கார்ந்திருப்பான். வெள்ளைச் சட்டை போட்ட பணியாளர்கள் நாலைந்து பேர் அங்குமிங்கும் நடந்துகொண்டிருப்பார்கள். நானும் நிம்மதியாகத் திரும்பிவிடுவேன்.

1998-இல் ஒரு நாள், அலுவலக வேலையாக அந்தப் பக்கம் போகவேண்டி வந்தது. அன்று பதினேழாம் தேதி, வார நாள். வழியில் பஸ் பழுதாகி, நான் அந்த ஊரில் இறங்கும்போது இரவு ஒன்பதரை. தங்க இடமில்லை. இல்லத்துக்குப் போய்க் கதவைத் தட்டினேன். அறுபது வயதைத் தாண்டிய ஒரு பெரியவர் வந்து திறந்தார். என்னை அடையாளம் தெரிந்ததால் உள்ளே விட்டார்.

நீளமான ஒரு கூடம். கட்டில்களை எண்ணினேன், நாற்பத்து மூன்று. அவ்வளவு பேருக்கும் அந்தப் பெரியவர் ஒருவர்தான். என் தம்பியின் வலது கணுக்காலைப் பழைய வேட்டித் துணியால் கட்டிலோடு கட்டியிருந்தது. அவனைப் போலவே வேறு பலரும் இருந்தார்கள்.

எனக்குக் கை நடுங்கிவிட்டது. பெரியவர் சொன்னார்: "கோவிச்சுக்காதீங்க சார். போன மாசம் ஒருத்தரு எழுந்துபோயி கெணத்துல விழப் பாத்தாரு. நான் ஒத்த ஆளு. ஒருத்தரைக் கக்கூசுக்குக் கூட்டிக்கிட்டுப் போனா மத்தவங்கள யாரு பாக்கறது?"

முடிச்சை அவிழ்க்கக் குனிந்தேன். தம்பி விழித்துக்கொண்டான். "அண்ணே, இன்னைக்கு ஞாயித்துக்கெழமையா?" என்றான். பிறகு, "அவுக்காதண்ணே, தாத்தாவுக்குத் திட்டு விழும்" என்றான்.

பெரியவரின் மேசையில் வருகைப் பதிவேடு இருந்தது. எழுத்தர் புத்தி, புரட்டிப் பார்த்தேன். இரவுப் பணிக்கு நான்கு பெயர்கள். நான்கு பேருக்கும் அன்றைய கட்டத்தில் கையொப்பம். அது மட்டுமல்ல, பதினெட்டாம் தேதிக்கும் இருந்தது, பத்தொன்பதுக்கும் இருந்தது. மாதக் கடைசிவரை ஒரே மையில் ஒப்பமிட்டு முடித்திருந்தார்கள்.

இதுவரை சொன்னது மற்றவர்கள் செய்த தவறு. இனி என்னுடையது.

1987-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் 1993-இல்தான் நடைமுறைக்கு வந்தது. மனநல மருத்துவமனைகளுக்கும் இல்லங்களுக்கும் உரிமம் வேண்டும், ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஐந்து பேருக்குக் குறையாத பார்வையாளர்கள் வேண்டும், அவர்களில் மூவராவது மாதம் ஒருமுறை சேர்ந்துபோய் எல்லா இடத்தையும் பார்க்கவேண்டும் என்றெல்லாம் அதில் இருந்தது. அந்த வேளையில் ஒருமுறை, வேறொரு இல்லத்தைப் பார்வையிடச் சென்ற அதிகாரியோடு நானும் கோப்பைத் தூக்கிக்கொண்டு போயிருந்தேன். வருவதாக முன்கூட்டியே கடிதம் போட்டிருந்தோம். நடுப்பகல் பன்னிரண்டு மணி. டீயும் பஜ்ஜியும் வந்தன. அவர்கள் நீட்டிய பதிவேட்டைப் பார்த்து, "இரவுப் பணியாளர்: 4" என்று என் கையால் எழுதினேன். அதிகாரி ஒப்பமிட்டார். சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிட்டோம்.

நடுப்பகலில் இரவுப் பணியாளரை எண்ணியவன் நான். அந்த இல்லத்தில் உண்மையில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்துகொள்ளத்தான் எங்களை அனுப்பியிருந்தார்கள்.

மறுநாள் காலை தம்பியை அழைத்துக்கொண்டு புதுச்சேரிக்கு வந்துவிட்டேன். மற்ற நாற்பத்திரண்டு பேரும் அங்கேயேதான் இருந்தார்கள். ஒரு புகார் மனு எழுதினேன், அனுப்பவில்லை. இதைத் தோண்டினால் நான் எழுதிய அந்த அறிக்கையையும் யாராவது எடுத்துப் பார்ப்பார்களோ என்ற பயம். ஓய்வூதியத்துக்கு ஆசைப்பட்ட பயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

தம்பி எங்களோடு பதினைந்து ஆண்டு இருந்து, 2013-இல் காலமானான். அவனைப் பார்த்துக்கொண்ட புண்ணியம் பெரும்பாலும் என் மனைவியைச் சேரும்.

2001 ஆகஸ்ட் 7 காலை, அவன் எனக்கு எதிரே இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். என் கையில் செய்தித்தாள். முந்தின நாள் விடியற்காலையில் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு கொட்டகை தீப்பற்றிய செய்தி. கால்களில் சங்கிலி, ஓட முடியவில்லை. இறந்தவர்கள் மொத்தம் 28 பேர். உச்ச நீதிமன்றம் தானாகவே அந்த வழக்கை எடுத்துக்கொண்டது. நான் தாளை மடித்து வைத்துவிட்டு, அவன் தட்டில் இன்னொரு இட்லி வைத்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். பாரீஸில் மனநோயாளிகளின் சங்கிலியை அவிழ்த்தவர் டாக்டர் பினேல் என்று பள்ளியில் மனப்பாடம் செய்திருக்கிறேன். பின்னாளில் படித்தபோதுதான் தெரிந்தது, பிசெத்ர் மருத்துவமனையில் 1797-இல் சங்கிலிகளை அகற்றியவர் பூசேன் என்ற கண்காணிப்பாளர். மருத்துவம் படித்தவரல்ல. அதே மருத்துவமனைக்கு நோயாளியாக வந்து, குணமாகி, அங்கேயே வேலைக்கு அமர்ந்தவர். நோயாளியை அடிக்கக்கூடாது என்று பணியாளர்களைக் கண்டித்து வைத்தார். குணமானவர்களிலிருந்தே பணியாளர்களைத் தேர்ந்தெடுத்தார். பினேலே அவரைப் பாராட்டி எழுதி, பிறகு தான் இருந்த சல்பேத்ரியேர் மருத்துவமனைக்கு வரவழைத்துக்கொண்டார். டாக்டர் ஒரு சுற்று வந்துவிட்டுப் போய்விடுவார். நோயாளியின் இரவு, பகல் எல்லாம் பூசேன் போன்றவர்கள் கையில்தான்.

ஓய்வுக்குப் பின் பேரன் கணினியில் 1838-ஆம் ஆண்டு பிரெஞ்சுச் சட்டத்தை எடுத்துத் தந்தான். ஒவ்வோர் இல்லத்திலும் பதிவேடு வேண்டும், அதன் பக்கங்களுக்கு எண்ணிட்டு மேயர் சுருக்கொப்பம் இடவேண்டும், மாதம் ஒருமுறையாவது மருத்துவர் நோயாளியின் நிலையை அதில் எழுதவேண்டும் என்கிறது. தனியார் இல்லங்களுக்கு அரசு வழக்கறிஞர் மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது போகவேண்டும். எப்போது? "நாள் குறிக்காமல்" என்று போட்டிருக்கிறது. இந்தச் சொல்லைப் படித்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். நாங்கள் கடிதம் போட்டுவிட்டுப் போனோமே!

பிரெஞ்சுக்காரர்கள் செய்ததெல்லாம் சரி என்று சொல்ல வரவில்லை. அந்தச் சட்டம் ஒருவரை அடைத்துவைப்பதை எளிதாக்கியது. 1990-இல்தான் அதை மாற்றினார்கள். பதிவேடுகள் எல்லாம் இருந்தும், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அந்நாட்டு மனநல மருத்துவமனைகளில் பல்லாயிரம் பேர் பட்டினியால் செத்தார்கள். பதிவேடு சோறு போடாது.

இப்போது நமக்கு 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் இருக்கிறது. எந்த வடிவிலும் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது. தனியறையில் அடைக்கக்கூடாது. தவிர்க்க முடியாத ஆபத்து நேரத்தில் கட்டிவைத்தால், காரணத்தையும் நேரத்தையும் குறித்து, நோயாளி நியமித்த பிரதிநிதிக்கு 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவேண்டும். 97-ஆம் பிரிவில் இன்னொன்றும் இருக்கிறது: ஆள் பற்றாக்குறையை மட்டும் காரணம் காட்டிக் கட்டிவைக்கக் கூடாது. படித்தபோது அந்த இரவுப் பெரியவர் நினைவுக்கு வந்தார். அவர் கெட்டவரல்ல. கட்டாதே என்று சட்டம் அவரிடம் சொல்லும். இரண்டாவது ஆளை வேலைக்கு வைக்கவேண்டியவர் முதலாளி. வைத்தாரா என்று பார்க்கவேண்டியவர்கள் நாங்கள். நாங்கள் இருவரும் செய்யாததற்கு அந்தக் கிழவர் வேட்டியைக் கிழித்தார்.

ஆகவே, இப்படியொரு முடிவு எடுக்கவேண்டிய நிலையில் உள்ள நண்பர்களுக்கு நான் சொல்வது இதுதான். பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள். மூன்றாண்டுக்கு ஒருமுறை தணிக்கை செய்யவேண்டும் என்று சட்டம் இருக்கிறது, கடைசியாக எப்போது நடந்தது என்று கேளுங்கள். உங்களைப் பிரதிநிதியாக எழுதி வைக்கச் சொல்லுங்கள். தோட்டத்தையும் தரை ஓட்டையும் பார்த்து மயங்காதீர்கள். இரவில் எத்தனை நோயாளிக்கு எத்தனை பேர், அவர்களுக்கு எத்தனை மணி நேர வேலை, மாற்று ஆள் உண்டா என்று பணியாளரிடமே பேசிப் பாருங்கள். சொல்லாமல் போங்கள். தவறு கண்டால் மனநல மறுஆய்வு வாரியத்துக்கு எழுதுங்கள். எழுதியதை அனுப்புங்கள், என்னைப் போல் மேசையில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

வருகிற வியாழக்கிழமை நானும் தோழரோடு அந்த இல்லத்தைப் பார்க்கப் போகிறேன். "காலையில கிளம்பலாமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். இரவு ஒன்பது மணிக்கு மேல் போய்ச் சேரும்படியாகப் பஸ் பார்த்து வைத்திருக்கிறேன்.