பொம்மையின் கனம்

கைக்குழந்தையை வைத்துக்கொண்டு கைவேலை நடக்குமா என்று கேட்கிறவர்களுக்கு நான் கேத்தே குரூஸே என்ற ஜெர்மானியப் பெண்ணின் கதையைச் சொல்வதுண்டு.

1905-ல் அவளுடைய மூத்த பெண் பொம்மை கேட்டாள். அம்மா தங்கையைக் கொஞ்சுவதுபோலத் தானும் கொஞ்ச வேண்டுமாம்! தகப்பனார் மாக்ஸ் குரூஸே பெயர்பெற்ற சிற்பி. கடைப் பொம்மைகள் அவருக்குப் பிடிக்காது. "நீயே செய்து கொடு" என்று சொல்லிவிட்டார். தாய் என்ன செய்தாள்? துவாலையில் மணலை நிரப்பிக் கட்டி, ஓர் உருளைக்கிழங்கைத் தலையாக வைத்தாள்.

மணல்! அதன் அருமை எனக்கு என் வீட்டில்தான் விளங்கிற்று. ஒரு கை தைப்பதற்குள் பால் பொங்கும். மறு கைக்குள் தூளி அழும். இப்படிப் பத்து நாள் பாடுபட்டு, பழம்புடவைக் கிழிசலை அடைத்து முடித்த பொம்மையை மூன்று வயது மகள் தூக்கிப் பார்த்தாள். "பாப்பா இப்படியா லேசா இருக்கும்?" என்றாள். வயிற்றைப் பிரித்து இரண்டு பிடி புளியங்கொட்டையை வைத்துத் தைத்தேன். மறுபேச்சில்லாமல் தோளில் சாய்த்துக்கொண்டு போனாள்.

1911-ல் கேத்தேக்கு அமெரிக்காவிலிருந்து 150 பொம்மைகளுக்கு ஆர்டர் வந்தது. வீடே பட்டறையாயிற்று. குழந்தைகள் வேலையைக் கெடுக்கிறார்கள் என்று நாம் அலுத்துக்கொள்கிறோம். ஒரு சிசுவின் கனம் இன்னதென்று அந்தக் கைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் வேறு யார்?