நான் விளையாடிய ஓராண்டு

“விளையாட்டு வினையாகும்” என்று என் தந்தையார் அடிக்கடி கூறுவார். அவர் குறித்தது பந்தாட்டத்தையன்று; திரையின் முன் நான் கழித்த மாலைப் பொழுதுகளையே. 2017 ஆம் ஆண்டு மார்கழியில் அவர் மறைந்தார். அடுத்த ஆண்டில் நான் முன்னெப்போதும் இல்லாத அளவுக்கு விளையாடினேன். துக்க வீட்டில் இவன் செய்கிற வேலையைப் பாருங்கள் என்று அயலார் பேசியிருக்கவுங்கூடும். எனினும் 2018 இல் வெளிவந்த வீடியோ விளையாட்டுக்களுட் சில இன்றும் என் நெஞ்சை விட்டு அகலவில்லை.

ஜனவரியில் வந்தது ‘செலஸ்ட்’. மடலின் என்னும் இளம்பெண் ஒருத்தி அப்பெயர் கொண்ட மலைமீது ஏறுகிறாள். குதித்தல், பாறையைப் பற்றி ஏறுதல், காற்றிற் பாய்தல் ஆகிய மூன்றே அவள் அறிந்த வித்தைகள். தவறி விழுந்தால் அக்கணமே அதே இடத்தில் மீண்டும் நிற்பாள். நான் உச்சியை அடையுமுன் மூவாயிரம் தடவைக்கு மேல் விழுந்தேன். விழுந்த கணக்கையும் விளையாட்டே எழுதி வைக்கிறது. ஆனால் அதனை அவமானமாகக் காட்டுவதில்லை. அவளுடைய அச்சமும் ஐயமும் ஓர் இருண்ட உருவங்கொண்டு அவளைத் துரத்துகின்றன. அந்த உருவத்தை வென்றொழிப்பாள் என்றே நான் எண்ணியிருந்தேன். அவளோ அதனோடு சமாதானமாகி, இருவருமாகவே மேலே ஏறுகிறார்கள்.

அடுத்த மாதம் கைத்தொலைபேசிக்கு வந்த ‘புளோரன்ஸ்’ ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். மெல்பேர்ண் நகரில் உருவாக்கப்பட்டது. புளோரன்ஸ் என்னும் பெண்ணுக்கும் கிரிஷ் என்னும் வயலின்செல்லோக் கலைஞனுக்கும் இடையே மலர்ந்து வாடும் காதலே கதை. அவர்களுடைய உரையாடலை நாம் சிதறிய துண்டுகளைப் பொருத்தி நிரப்ப வேண்டும். முதற் சந்திப்பிலே துண்டுகள் பல. பேச்சு அத்துணை கடினம். பழகப் பழகத் துண்டுகள் குறைந்து, ஈற்றில் ஒன்றே எஞ்சுகிறது. சண்டை மூண்டதும் அவற்றின் ஓரங்கள் கூர்மையடைந்து விடுகின்றன. ஒரு சொல்லேனும் எழுதாமல் இல்லறத்தின் இயல்பை இவ்வளவு நுட்பமாகக் காட்டியவர்களை வியவாதிருக்க முடியவில்லை.

ஒக்டோபரில் வந்த ‘ரெட் டெட் ரிடெம்ஷன் 2’ ஐ எல்லோரும் வானளாவப் புகழ்ந்தனர். 1899 ஆம் ஆண்டின் அமெரிக்காவிலே காசநோயுற்று இருமும் கொள்ளைக்காரன் ஆர்தர் மோர்கன் மனத்தைத் தொட்டானென்பது உண்மை. ஆனால் குதிரையைத் தேய்த்தும் துப்பாக்கியைத் துடைத்தும் எனக்கு அலுத்துப் போயிற்று. வீட்டிலே மாட்டுக்கொட்டில் துப்புரவு செய்பவனுக்கு இதிலென்ன புதுமை?

அதே மாதம் லூக்கஸ் போப் என்பவர் வெளியிட்ட ‘ரிட்டேர்ன் ஒஃப் த ஒப்ரா டின்’ வேறு வகையானது. 1802 இல் லண்டனிலிருந்து புறப்பட்டு மறைந்த கிழக்கிந்தியக் கம்பனிக் கப்பலொன்று 1807 இல் ஆளில்லாமல் திரும்பி வருகிறது. அதிற் சென்ற 60 பேருக்கும் நேர்ந்ததை நாம் எழுத வேண்டும். கையிலுள்ள மாயக் கடிகாரம் ஒவ்வொருவரும் இறந்த கணத்தை மட்டும் அசையாச் சித்திரமாய்க் காட்டும். மற்றவையெல்லாம் நம்முடைய துப்பறிதலே: பேச்சின் சாயல், உடை, கப்பற்காரர் படுத்த ஏணையில் தொங்கும் இலக்கம். அவர்களுள் இந்திய மாலுமிகளும் இருந்தனர். நான் கொப்பியும் பென்சிலுமாய் இருந்து எழுதியதைக் கண்ட என் தாயார், ஏதோ பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று தேநீர் கொண்டுவந்து வைத்தார்.

ஆயினும் அவ்வாண்டில் எனக்கு நெருக்கமானது ஏப்ரிலில் வந்த ‘கோட் ஒஃப் வோர்’ தான். டிசெம்பரில் லொஸ் ஏஞ்சலீசில் நடந்த விழாவில் ஆண்டின் சிறந்த விளையாட்டு என்ற விருதும் அதற்கே கிடைத்தது. நான் அதனை விரும்பிய காரணம் வேறு.

கிரேற்றோஸ் என்னும் முரட்டுத் தந்தையும் அத்ரேயஸ் என்னும் சிறுவனும் இறந்துபோன தாயின் சாம்பலைச் சிறு பையொன்றிற் கட்டி, அதனை உலகங்கள் யாவற்றிலும் உயர்ந்த சிகரத்திலிருந்து தூவுவதற்காகப் புறப்படுகிறார்கள். தொடக்கம் முதல் முடிவு வரை காட்சி ஓரிடத்தேனும் அறுவதில்லை. நாமும் பின்னாலேயே நடக்கிறோம். தந்தை மகனைப் பெயர் சொல்லி அழைப்பது அரிது. எப்போதும் ‘பெடியன்’ என்றாற்போல ஓர் அதட்டல். என் தந்தையாரும் அப்படித்தான். அந்நாட்டு எழுத்துக்கள் தந்தைக்குத் தெரியாது. கல்லிற் பொறித்தவற்றை மகனே வாசித்துச் சொல்கிறான். வங்கியிலிருந்து வந்த ஆங்கிலக் கடிதங்களை நானும் தோட்டத்து வரம்பில் நின்று அவருக்கு வாசித்துக் காட்டியிருக்கிறேன். முழுவதையும் கேட்டுவிட்டு, “சரி, போய்ப் படி” என்பார்.

ஒருநாள் தாயார் என் பின்னாற் கதிரையில் வந்து அமர்ந்தார்.

“தம்பி, அந்தப் பையிலை இருக்கிறது தாயின்ரை சாம்பலோ?”

“ஓம், அம்மா.”

அன்று தொடக்கம் நாள்தோறும் மாலையில் விளக்கேற்றியதும் வந்து, “மலைக்குப் போய்ச் சேர்ந்திட்டினமோ?” என்று கேட்பார். அவர்கள் பெரும்பாடுபட்டு ஒரு சிகரத்தை அடைந்தபோது, உண்மையான சிகரம் வேறோர் உலகத்தில் உள்ளதெனத் தெரியவந்தது. “இதென்ன, கந்தோர் கந்தோராய் அலையவிடுறமாதிரி!” என்று அவர் சலித்துக்கொண்டார். தந்தையாரின் மரணப் பதிவுக்காக நாங்கள் அலைந்தது அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும்.

முடிவை அவரில்லாமல் ஆட எனக்கு மனம் வரவில்லை. அவர் கோயிலிலிருந்து வரும்வரை காத்திருந்தேன். தந்தையும் மகனும் உச்சியில் நின்று சாம்பலைக் காற்றில் விட்டார்கள். காடாத்து முடித்துக் கீரிமலைக் கடலில் என் கையாற் கரைத்த சாம்பலின் ஈரம் எனக்கு நினைவு வந்தது. தாயார் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்.

திரும்பும் வழியிலே கிரேற்றோஸ் மகனுக்கு அவன் பெயரின் வரலாற்றைச் சொல்கிறான். கடுமையே வாழ்வெனக் கொண்ட ஸ்பார்ட்டா வீரருள் முகமலர்ச்சி குன்றாத ஒருவன் இருந்தானாம். பிறருக்காக உயிரைவிட்ட அவனுடைய பெயரே இச்சிறுவனுக்கு. நான் அதனைத் தமிழிற் சொன்னேன்.

தாயார் சற்று நேரம் பேசவில்லை. பின்பு, “உன்ரை பேரும் கொப்பர் வைச்சதுதான்” என்றார். தந்தையாரோடு துலா மிதித்த தோழர் ஒருவர் இருந்தாராம். விடியற்காலையில் அவர் மேலே பாடிக்கொண்டு மிதிக்க, இவர் கீழே பட்டை பிடித்து இறைப்பாராம். இளவயதிலேயே பாம்பு தீண்டி இறந்த அவருடைய பெயர்தான் என்னுடையது.

முப்பத்துநான்கு ஆண்டுகளில் அன்றுதான் அதனைக் கேட்டேன். “என்ன பாட்டம்மா பாடுவார்?” என்று கேட்டேன். தாயாருக்கு அது தெரியவில்லை.