அடுத்தவர் நாடகம்

ஒரு சங்கீத வித்வான் மற்றொரு வித்வானின் கச்சேரிக்குப் போய், முன் வரிசையில் உட்கார்ந்து, தொடையில் தாளம் போட்டுத் தலையை ஆட்டுகிறார் என்றால், சபையில் பாதிப் பேர் மேடையை விட்டுவிட்டு அவரைத்தான் பார்ப்பார்கள். "நிஜமாகவே ரஸிக்கிறாரா, அல்லது மரியாதைக்காகவா?" என்பது அவர்களுடைய சந்தேகம். கதை எழுதுகிறவர்களுக்கு இந்தச் சங்கடம் கிடையாது. ஒருவர் எழுதியதை மற்றவர் படித்தாரா, இல்லையா என்று யாரால் கண்டுபிடிக்க முடியும்? "தங்கள் புஸ்தகம் மேஜை மேல்தான் இருக்கிறது" என்று சொல்லிவிட்டால் விஷயம் தீர்ந்தது.

நாடகம் எழுதுகிறவர் இவ்வளவு சுலபமாகத் தப்பித்துக்கொள்ள முடியாது. இன்னொருவருடைய நாடகம் அரங்கேறும் இரவில் அவர் வந்தாரா, கடைசிக் காட்சி வரையில் இருந்தாரா, அல்லது இடைவேளையில் காப்பி குடிக்கப் போனவர் அப்படியே வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாரா என்பது ஊருக்கே தெரிந்துவிடும். அதனால்தானோ என்னவோ, தமது நாடகத்தைப் பற்றி நாள் முழுதும் பேசக்கூடிய நாடகாசிரியர்கள் ஏராளம். அடுத்தவர் நாடகத்தைப் பற்றி அரைமணி நேரம் உற்சாகமாகப் பேசக்கூடியவர்கள் அபூர்வம். அந்த அபூர்வப் பிறவிகளில் ஒருவரைப் பற்றியும், அவரைப் போன்றவர்கள் இல்லாமற் போனால் நமக்கு உண்டாகும் நஷ்டத்தைப் பற்றியும் இங்கே சொல்ல விரும்புகிறோம்.

கிருஷ்ணகிரி ஜில்லா நாகரசம்பட்டியில் பள்ளிக்கூட உபாத்தியாயராக இருக்கும் நமக்கு நாடகத்தைப் பற்றி என்ன கவலை என்று நேயர்கள் கேட்கலாம். கவலை இருக்கிறது. நம் பக்கத்துக் கிராமங்களில் கோடைக் காலத்தில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும். பகலில் கதை, இரவில் கூத்து. பெண்களும் குழந்தைகளும் பாய் தலையணையுடன் வந்து இடம் பிடித்து, கோழி கூவும் வரையில் அசையமாட்டார்கள். கூத்துக் கற்றுக் கொடுப்பவருக்கும் வாத்தியார் என்றுதான் பெயர். ஆகவே, நம் ஊர்களில் பகலுக்கு ஒரு வாத்தியார், இரவுக்கு ஒரு வாத்தியார். இருவரில் இரவு வாத்தியாருக்குத்தான் மரியாதை அதிகம் என்பதை நாம் தாராளமாக ஒப்புக்கொள்கிறோம்.

ஆகையால், பார்ப்பதற்கு ஆள் இல்லை என்ற பேச்சே இங்கே எடுபடாது. இல்லாதது வேறொன்று. ஆண்டு விழா நெருங்கியதும், பிள்ளைகளுக்கு ஒரு புது நாடகம் வேண்டுமென்று புறப்பட்டால், கைக்குக் கிடைப்பவை பழைய மூன்று நான்கு நாடகங்கள்தாம். நாவல்கள் கிடைக்கின்றன, சிறுகதைகள் கிடைக்கின்றன, நாடகம் மட்டும் அலமாரியின் அடித்தட்டில் அட்டை கிழிந்து கிடக்கிறது. தமிழில் நாடகம் எழுதவே இல்லையா? எழுதியிருக்கிறார்கள். ஓர் ஊரில் ஒரு மாலை நடந்த நாடகத்தை மறு ஊருக்கு எடுத்துச் செல்ல ஆள் இல்லை, அவ்வளவுதான்.

கதைக்கு ஒரு வாசகரும் ஒரு விளக்கும் போதும். நாடகத்துக்கோ நடிகர் வேண்டும். ஒத்திகைக்கு இடம் வேண்டும். பத்துப் பேருடைய முப்பது மாலைப் பொழுதுகள் வேண்டும். இவற்றில் எதுவும் ஆசிரியரின் மைக்கூட்டில் இல்லை. எல்லாம் பிறரிடமிருந்து வரவேண்டியவை. எனவே, ஒரு நாடகாசிரியர் மற்றொருவரின் நாடகத்தில் காட்டும் உற்சாகத்தை வெறும் பெருந்தன்மை என்று சொல்லி நிறுத்திவிடக்கூடாது. அந்தக் கலை உயிரோடிருப்பதற்கு அதுவே ஆகாரம்.

இதை நன்றாக உணர்ந்திருந்தவர் கோமல் சுவாமிநாதன். 1935-ல் பிறந்த அவர், எஸ். வி. சகஸ்ரநாமம் நடத்திய ‘சேவா ஸ்டே’ஜில் சேர்ந்து நாடகம் பயின்றார். சகஸ்ரநாமத்துக்கு ஒரு நல்ல பழக்கம் உண்டு. எழுதத் தெரிந்தவர்களைத் தேடிப் பிடித்து, "எங்களுக்கு ஒரு நாடகம் கொடுங்கள்" என்று கேட்பார். பி. எஸ். ராமையாவின் ‘தேரோட்டி மகன்’, ‘போலீஸ்காரன் மகள்’, தி. ஜானகிராமனின் ‘நாலு வேலி நிலம்’, ‘வடிவேலு வாத்தியார்’ ஆகியவையெல்லாம் அந்த மேடையில் ஏறியவை. அப்படிப்பட்ட மேடைதான், இளைஞராக வந்த சுவாமிநாதனின் ‘புதிய பாதை’ என்ற நாடகத்தையும் 1960-ல் ஏற்றுக்கொண்டது. பெரிய பெயர்களுக்கிடையே புதுப் பெயருக்கும் ஓர் இடம் கிடைத்தது.

பிற்பாடு அவர் ‘ஸ்டேஜ் பிரண்ட்ஸ்’ என்ற சொந்தக் குழுவை அமைத்தார். முப்பதுக்கு மேற்பட்ட நாடகங்களை எழுதினார். 1980-ல் ‘தண்ணீர் தண்ணீர்’ வந்தது. மறு வருஷமே கே. பாலசந்தர் அதைத் திரைப்படமாக எடுத்தார். குடிநீருக்காக ஒரு கரிசல் கிராமம் படும் பாடுதான் கதை. நம் ஜில்லாக்காரர்களுக்கு அந்தக் கதையை யாரும் விளக்கவேண்டியதில்லை. ஃபுளோரைடு கலந்த கிணற்று நீரினால் பற்களில் கறை படிந்த ஒரு தலைமுறையை நாம் வகுப்பறையிலேயே பார்த்திருக்கிறோம். தர்மபுரி, கிருஷ்ணகிரி ஜில்லாக்களுக்கான ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது 2013-ல்தான்.

இவ்வளவு புகழ் பெற்றவர் அந்தப் புகழிலேயே சாய்ந்து உட்கார்ந்திருக்கலாம். கோமல் அப்படிச் செய்யவில்லை. 1991-ல் ‘சுபமங்களா’ மாத இதழுக்கு ஆசிரியரானார். இலக்கியக்காரர்களை நீண்ட பேட்டி கண்டு பிரசுரித்தார். அத்துடன் நில்லாமல், சுபமங்களாவின் பெயரால் சென்னையிலும் மதுரையிலும் பிற நகரங்களிலும் நாடக விழாக்கள் நடத்தினார். அந்த விழாக்களின் சிறப்பை உணரவேண்டுமானால், அக்காலத்துத் தமிழ் நாடக உலகின் நடுவே எழும்பியிருந்த ஒரு மதிற்சுவரைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும்.

மதிலுக்கு ஒரு பக்கத்தில் சென்னைச் சபாக்கள். திரை, ஸெட், வசனம், கைதட்டல். மறுபக்கத்தில் நவீன நாடகக்காரர்கள். ந. முத்துசாமியின் கூத்துப்பட்டறை, ஞாநியின் பரீக்ஷா, மு. ராமசாமியின் நிஜ நாடக இயக்கம், பிரளயனின் சென்னைக் கலைக்குழு ஆகியவை 1970-களின் பிற்பாதியிலும் 1980-களிலும் தோன்றியவை. தெருவிலும் மொட்டைத் திடலிலும் நடிப்பார்கள். தெருக்கூத்திலிருந்து அடவு கற்றுக்கொள்வார்கள். சபாக்காரருக்கு இவர்கள் செய்வது புரியவில்லை. இவர்களுக்கோ சபாக்காரர் செய்வது நாடகமாகவே படவில்லை. கோமல் சபா மேடையிலிருந்து வந்தவர். அவர் மதிலைத் தாண்டி வந்து, தம் வழியில் எழுதாதவர்களின் நாடகங்களுக்கு விழா எடுத்தார். தம்மைப் போல் எழுதுகிறவரைப் புகழ்வது தம்மையே மறைமுகமாகப் புகழ்ந்துகொள்வது. தம்மைப் போல் எழுதாதவரைப் புகழ்வதுதான் ரஸனை.

அவர் 1995-ல் காலமானார். சற்றைக்கெல்லாம் சுபமங்களாவும் நின்றுபோயிற்று.

சரித்திரத்தைப் புரட்டினால், அடுத்தவர் நாடகத்தின் மேல் கொண்ட மோகத்திலிருந்தே நாடகாசிரியர்கள் பிறந்திருப்பதைப் பார்க்கலாம். பம்மல் சம்பந்த முதலியார் இளம் பிராயத்தில் தமிழ் நாடகங்களை விரும்பியவரல்லர். பல்லாரியிலிருந்து கிருஷ்ணமாச்சார்லு என்ற வக்கீல் தம் குழுவுடன் சென்னைக்கு வந்து, தாம் எழுதிய தெலுங்கு நாடகங்களை நடித்துக் காட்டினார். படித்தவர்களும் கௌரவமானவர்களும் மேடையேறி நடித்ததைக் கண்ட பம்மல், தமிழிலும் இப்படி ஏன் செய்யக்கூடாது என்று நினைத்தார். 1891-ல் சுகுண விலாச சபை பிறந்தது. கன்னட தேசத்து ஊரொன்றிலிருந்து வந்த தெலுங்கு நாடகம் தமிழ் நாடகத்துக்கு விளக்கேற்றியது. மூன்று பாஷைகளும் ஒரே சந்தையில் பேரம் பேசும் எல்லைப்புறத்தில் வாழும் நமக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் தோன்றவில்லை.

அதே 1891-ல், கடலுக்கு அப்பால் பெர்னார்ட் ஷா, நார்வே நாட்டு இப்ஸனின் நாடகங்களை ஆதரித்து ஒரு புஸ்தகமே எழுதினார். லண்டன் பத்திரிகைகள் இப்ஸனை வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டிருந்த சமயம் அது. ஷாவின் சொந்த நாடகம் எதுவும் அப்போது மேடையேறியிருக்கவில்லை. முதல் நாடகம் மறு வருஷம்தான் அரங்கேறியது. 1907-ல் டப்ளினில் ஸிங் என்பவரின் நாடகத்தைத் தேசாபிமானிகளே எதிர்த்துக் கூச்சலிட்டபோது, தாமும் தேசாபிமானியான கவி யேட்ஸ் அந்தக் கூட்டத்தின் முன் நின்று, நண்பரின் நாடகத்துக்காக வாதாடினார். நம் காலத்திலோ, அண்டை ராஜ்யத்துக் கிரீஷ் கர்நாட், ‘துக்ளக்’ எழுதிப் புகழ்பெற்ற பிறகு, வங்காளி பாதல் சர்க்காரின் ‘ஏவம் இந்திரஜித்’ நாடகத்தைத் தாமே ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். மொழிபெயர்ப்பதற்குச் செலவான மாதங்களில் அவர் சொந்த நாடகம் ஒன்றை எழுதியிருக்கலாம் அல்லவா?

"இதெல்லாம் பரஸ்பர முதுகு சொறிதல்தானே?" என்று சிலர் கேட்பதுண்டு. அப்படிப்பட்ட பாராட்டும் உண்டு, மறுக்கவில்லை. இரண்டையும் பிரித்தறிய ஓர் எளிய வழி இருக்கிறது. மரியாதைக்காரர் நாடகம் முடிந்ததும், "பிரமாதம்!" என்று கையைக் குலுக்கிவிட்டு வண்டி ஏறுவார். உற்சாகக்காரர், "அடுத்தாற்போல் எந்த ஊரில்? எத்தனை பேர் வருவீர்கள்? சாப்பாட்டுக்கு என்ன ஏற்பாடு?" என்று கேட்பார்.

நம் அனுபவம் ஒன்றையும் சொல்லவேண்டும். சில வருஷங்களாகப் பள்ளி ஆண்டு விழாவுக்கு நாடகம் எழுதித் தரும் பொறுப்பு நம்முடையது. சென்ற வருஷம் நம் பழைய மாணவன் ஒருவன் ஒரு நோட்டுப் புஸ்தகத்துடன் வீட்டுக்கு வந்தான். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. "ஸார், நேரம் இருந்தா பாருங்க. நல்லா இல்லைன்னா ஒண்ணும் சொல்ல வேண்டாம், திருப்பிக் குடுத்துடுங்க" என்று வைத்துவிட்டுப் போனான்.

நாடகத்தின் பெயர் ‘மூன்றாம் ஷிப்டு’. ஓசூரில் ஒரே அறை, மூன்று பையன்கள், மூவருக்கும் வேறு வேறு ஷிப்டு. பாய் ஒன்றுதான், ஒருவன் எழுந்ததும் மற்றவன் படுப்பான். ஊரிலிருந்து ஒருவனுடைய தாயார் புளிச்சோறு கட்டிக்கொண்டு மகனைப் பார்க்க வருகிறாள். மகன் இரவு வேலை முடிந்து தூங்குகிறான். எழுப்ப மனம் வரவில்லை. விழித்திருக்கும் மற்ற இருவரிடமும், தன் மகன் என்ன சாப்பிடுகிறான், யாரோடு பேசுகிறான் என்றெல்லாம் விசாரிக்கிறாள். அவர்களுக்குச் சரியாகத் தெரியவில்லை. அவன் விழித்திருக்கும்போது அவர்கள் அறையில் இருந்ததே இல்லை. கடைசிப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட, தூங்குகிற பிள்ளையின் காலடியில் சோற்று மூட்டையை வைத்துவிட்டு அவள் புறப்படுகிறாள். அவ்வளவுதான் நாடகம்.

படித்து முடித்தபோது இரவு பதினொரு மணி. மேஜை மேல் அந்த வருஷத்துக்காக நாம் பாதி எழுதி வைத்திருந்த சரித்திர நாடகம் கிடந்தது. இரண்டு சேனாதிபதிகளும் ஒரு சதியாலோசனையும் அதில் உண்டு. அவர்களைப் பெட்டியில் வைத்துப் பூட்டினோம்.

பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் நடித்தார்கள். மேடையில் ஒரு பாய், ஒரு கொடிக்கயிறு, இரண்டு சட்டைகள். வேறு ஸெட் கிடையாது. தாயார் வேஷம் போட்ட பெண், "எழுப்ப வேண்டாம்பா, தூங்கட்டும்" என்று சொன்னபோது, பந்தலில் கடலை கொறிக்கும் சத்தம்கூட நின்றுவிட்டது. ஓசூருக்கும் பெங்களூருக்கும் பிள்ளைகளை அனுப்பிய வீடுகள் நம் ஊரில் குறைவல்ல. எழுதியவனோ அன்று வரவில்லை, அவனுக்கு ஷிப்டு!

மறு வாரம் அந்த நாடகத்தை நகல் எடுத்து, அறிமுகமான உபாத்தியாயர்கள் ஆறு பேருக்கு அனுப்பினோம். ஐந்து பேரிடமிருந்து, "மிக நன்று" என்று பதில் வந்தது. ஆறாமவர் ஓசூர்ப் பக்கத்துக்காரர். அவருடைய கடிதத்தில் பாராட்டு ஒரு வரிகூட இல்லை. "எங்கள் பிள்ளைகளில் பாதிப்பேர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். தாயாரைத் தெலுங்கிலேயே பேசவிடலாமா என்று ஆசிரியரைக் கேட்டுச் சொல்லுங்கள். விழா தை மாதம். பாய் எங்களிடம் இருக்கிறது" என்று எழுதியிருந்தார்.

நேயர்கள் வீட்டிலும் நாலு பேர் இருப்பார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, நூல்நிலையத்தின் அடித்தட்டிலிருந்து ஒரு நாடகத்தை எடுத்து வந்து, ஆளுக்கொரு பாத்திரமாகச் சத்தம் போட்டுப் படித்துப் பார்க்கலாம். நன்றாயிருந்தால் பக்கத்து வீட்டாரிடம் கொடுக்கலாம். நாடகம் எழுதுகிறவர்களோ ஒருபடி மேலே போகவேண்டும்: தாம் எழுதியதற்கு மேடை தேடுகிற நாட்களில் ஒரு நாளையாவது அடுத்தவர் நாடகத்துக்காகச் செலவிடவேண்டும். நம் சேனாதிபதிகள் இன்னும் பெட்டியில்தான் இருக்கிறார்கள். பையன் சென்ற மாதம் இரண்டாவது நோட்டுப் புஸ்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்திருப்பதால், இந்த வருஷமும் அவர்கள் வெளியே வருவது சந்தேகந்தான்.