பார்பியானா மலைப் பள்ளி

இத்தாலியில் பிளாரன்சு நகருக்கு வடகிழக்கே முசெல்லோ என்னும் பள்ளத்தாக்கு உள்ளது. அங்குள்ள விக்கியோ என்னும் சிற்றூரில் இரயிலை விட்டிறங்கி, சியேவே ஆற்றைக் கடந்து, ஜோவி மலைச்சரிவில் ஏறினோம். கடைசிப் பகுதியைக் காட்டுப் பாதையில் கால்நடையாகவே கடந்தோம். வழியில் இத்தாலிய அரசியலமைப்பின் விதிகளை விளக்கிப் பள்ளிப் பிள்ளைகள் வரைந்த பலகைகள் நிற்கின்றன. ஏறி முடித்தால் ஓர் ஊரைக் காணலாம் என்று எதிர்பார்ப்பவர் ஏமாறுவர். ஒரு சிறு கோவில், அதை ஒட்டிய குருவின் இல்லம், சற்றுக் கீழே கல்லறைத் தோட்டம். பார்பியானா அவ்வளவே. வீடுகள் மலையில் ஆங்காங்கே சிதறிக் கிடக்கின்றன.

1954 டிசம்பரில் தந்தை லொரென்சோ மிலானி இங்கு வந்தபோது சாலையில்லை, மின்விளக்கில்லை, குழாய்த் தண்ணீருமில்லை. பங்கு மக்கள் சுமார் நூறு பேர். அவருக்கு வயது 31. செல்வமும் கல்வியும் மிக்க பிளாரன்சுக் குடும்பத்தில், யூத குலத் தாய்க்குப் பிறந்தவர். இருபதாம் வயதில் மனந்திரும்பி, 1947-இல் குருப்பட்டம் பெற்றவர். முதலில் கலென்சானோவில் தொழிலாள இளைஞருக்கு இரவுப் பள்ளி நடத்தினார். பொதுவுடைமைக் கட்சியினர் வீட்டுப் பிள்ளைகளும் தயங்காது வரவேண்டும் என்று, வகுப்பறைச் சுவரிலிருந்த பாடுபட்ட சுரூபத்தைக் கழற்றிவைத்தார். இதைப் படிக்கும் அன்பர் சிலர் முகஞ்சுளிக்கக் கூடும். அந்நாளிலும் அவர்மீது அதிருப்தி கொண்டோர் இருந்தனர். அதன் பின்னரே இந்த மலைப் பங்கிற்கு அனுப்பப்பட்டார்.

குருவின் இல்லத்து அறையொன்றே பள்ளி. பிள்ளைகள் தம் கையால் செய்த மேசைகள், விண்மீன்களை அளக்கும் கருவி, சுவரில் தேசப்படங்கள் ஆகியவற்றைக் கண்டோம். கதவருகே 'ஐ கேர்' என்ற ஆங்கிலச் சொற்கள். 'எனக்கு அக்கறை உண்டு' என்பது பொருள். முசோலினி கட்சியாரின் 'எனக்கென்ன' என்ற முழக்கத்திற்கு நேர் எதிரான மறுமொழி.

ஆண்டு முழுவதும், ஞாயிறும் விடாமல், நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் பள்ளி நடந்தது. நம் வீட்டுப் பிள்ளைகள் கேட்டால் ஓட்டம் பிடிப்பர்! ஆனால் தொழுவத்தில் சாணம் அள்ளும் பிள்ளைக்குப் பள்ளியே ஓய்வு. மதிப்பெண் இல்லை. செய்தித்தாளை வரிவரியாகப் படித்தனர். ஒரு சொல் விளங்காவிடில் அதன் வேரைத் தேடினர். மூத்தவன் இளையவனுக்குக் கற்பித்தான். மலைப் பிள்ளைகளுக்குத் தண்ணீர் என்றால் அச்சம். ஆகவே நீந்தப் பழக ஒரு சிறு குளத்தையும் தாமே கட்டினர். அது இன்றும் இருக்கிறது. பெரிய பிள்ளைகள் அயல்நாடு சென்று உழைத்து மொழி கற்றுத் திரும்பினர். பெண்பிள்ளைகள் மிகச் சிலரே வந்தனர் என்பது எமக்கு வருத்தமே. கண்டிப்பும் சில வேளை அளவு மீறியது. அதை நாம் போற்றுவதற்கில்லை.

மறைக்கல்வியை விட்டு இலக்கணம் கற்பிப்பது குருவின் வேலையா என்று கேட்டவர் உண்டு. சொல் அறியாதவன் நற்செய்தியையும் அறியான், கூலியையும் கேட்டுப் பெறான் என்பது மிலானியின் எண்ணம். நாமும் அவர் பக்கமே.

இங்கு பயின்ற பிள்ளைகள் வெளியே தேர்வெழுதித் தோற்றனர். அப்போது எட்டுப் பிள்ளைகள் சேர்ந்து ஓர் ஆசிரியைக்குக் கடிதம் எழுதத் தொடங்கினர். தோன்றியதை ஒவ்வொருவரும் துண்டுத் தாளில் குறித்தனர். தாள்களை மேசையில் பரப்பி, ஒத்தவற்றைக் குவியலாக்கி, குவியலொன்றை அதிகாரமாக்கி, மிகையான சொல்லை வெட்டிக்கொண்டே வந்தனர். ஏழைப் பிள்ளைகளைத் தவறவிட்டு வெளியே தள்ளும் பள்ளி, நலமுடையோரைப் பேணி நோயாளிகளைத் துரத்தும் மருத்துவமனைக்கு ஒப்பாகும் என்று வாதிட்டனர். 1967 மே மாதம் வெளிவந்த அந்நூல் பல மொழிகளில் சென்றது, தமிழிலும் உண்டு.

தேர்ச்சி விழுக்காடு குறையுமென்று அஞ்சி, பத்தாம் வகுப்பிற்கு முன்னரே பலவீனமான பிள்ளையின் கையில் மாற்றுச் சான்றிதழைக் கொடுத்தனுப்பும் வழக்கம் நம்மிடையேயும் உண்டே. சிலுவை தாங்கிய கட்டடங்களும் இதற்கு விலக்கல்ல. அந்த அறையில் நின்றபோது, அவ்வாறு அனுப்பப்பட்டு நம் பங்கு இல்லத்துத் திண்ணையில் வந்து நின்ற பிள்ளைகளின் முகங்களே நினைவிற்கு வந்தன.

கல்லறைத் தோட்டத்திற்கு இறங்கினோம். மிலானி பார்பியானாவுக்கு வந்த மறுநாளே தம் அடக்கத்திற்கென இங்கு இடம் வாங்கிக்கொண்டவர். 1958-இல் அவரது மேய்ப்புப்பணி நூலை விற்பனையிலிருந்து அகற்ற உரோமை ஆணையிட்டது. அவர் கீழ்ப்படிந்தார், மலையை விட்டு இறங்கவில்லை. 1967 ஜூன் 26-இல், 44-ஆம் வயதில் மறைந்தார். 2017 ஜூன் 20-இல் திருத்தந்தை பிரான்சிஸ் இங்கு வந்து இக்கல்லறைமுன் செபித்தார். அவருடைய பழைய மாணவர்களையும் சந்தித்தார். நரைத்த தலையுடன் நின்ற அவர்களுள் பலர், ஒரு காலத்தில் பள்ளிகள் வேண்டாமென்று விட்ட பிள்ளைகள்.