வறண்ட நிழலில் மலரும் தோட்டம்

இங்கிலாந்து என்றதும் ஓயாத மழை நம் நினைவுக்கு வரும். ஆனால் அந்நாட்டின் கிழக்கே, எஸெக்ஸ் பகுதியிலுள்ள எல்ம்ஸ்டெட் மார்க்கெட் என்னும் சிற்றூரில் ஆண்டுக்குச் சுமார் 500 மில்லிமீட்டர் மழையே பெய்கிறது. சென்னையிலோ ஏறத்தாழ 1400 மில்லிமீட்டர்! அவ்வூரில் பெத் சாட்டோ என்ற பெண்மணி 1960இல் ஒரு தோட்டத்தைத் தொடங்கினார். பயிர்த்தொழிலுக்கு உதவாதென்று ஒதுக்கப்பட்ட நிலம் அது. 2018இல் அவர் மறைந்தார்; தோட்டம் இன்றும் மலர்கிறது.

வாசகர்களே, அங்குச் செல்லும் வாய்ப்புக் கிட்டினால், ஓக் மரங்களின் கீழுள்ள சோலையில் சற்று நில்லுங்கள். 1987 அக்டோபர்ப் புயலில் மரங்கள் பல சாய்ந்த பிறகு உருவானது இது. பெருமரத்தின் அடியில் செடி வாடினால் இருளே காரணம் என்போம். உண்மையில் இருளைவிடத் தாகமே பெரும் பகை. தூறலை இலைக்கூரை தடுத்துவிடுகிறது. மண்ணில் இறங்கும் நீரையும் மரத்தின் வேர்களே முந்திக்கொண்டு உறிஞ்சுகின்றன. அதன்மேல் உறைபனிக் காலம் வேறு.

இம்மூன்றையும் தாங்கும் பல்லாண்டுச் செடிகள் உண்டு. எபிமீடியம் இதயவடிவ இலைகளால் தரையை மூடி, வசந்தத்தில் மெல்லிய மலர்களைத் தரும். தென் ஐரோப்பிய மலைகளில் பிறந்த ஜெரேனியம் மாக்ரோரைசம், இலையிலும் மணம் உடையது. மைனஸ் 20 டிகிரிக் குளிரிலும் பிழைத்திருக்கும். சைக்ளமென் ஹெடரிஃபோலியம் கோடையில் கிழங்காக உறங்கி, இலையுதிர் காலத்தில் இலைக்கு முன்னே பூவை நீட்டும். நம் நித்தியகல்யாணிக்கு உறவான வின்கா மைனர் நீலப்பூ பூத்துப் படரும். குளிர்காலம் முடியுமுன்பே மலரும் ஹெல்லெபோர் அழகியதுதான். ஆயினும் முழுச் செடியும் நஞ்சு. குழந்தைகள் உள்ள வீட்டில் எச்சரிக்கை வேண்டும்.

இங்கிலாந்திலோ கனடாவிலோ குடியேறிய உங்கள் உறவினர், வீட்டு மரத்தடி வெறுமையாய்க் கிடக்கிறதென்று வருந்தினால் இதனைச் சொல்லுங்கள். பெரிய செடிகளை வாங்க வேண்டா. வேர்களின் இடுக்கில் சிறிய செடிகளே எளிதில் ஊன்றும். தடித்த வேர்களை வெட்டலாகாது. அவற்றின்மேல் மண்ணைக் குவிப்பதும் மரத்துக்குக் கேடு. மக்கிய சருகைப் பரப்புங்கள். மிதமான குளிருள்ள ஊரில் இலையுதிர் காலத்திலும், கடுங்குளிர் ஊரில் வசந்தத்திலும் நடலாம். முதல் இரண்டு கோடைகளில் தவறாது நீர் ஊற்றுங்கள். வறட்சியைத் தாங்கும் செடியும் வேரூன்றும் வரை தாங்காது. பலர் தோற்பது இங்கேதான்.

ஒரு செடி எந்த மண்ணில், எந்த வானிலையில் பிறந்தது என்று அறிந்து, அதற்கொத்த இடத்தில் அதனை வைப்பதே பெத் சாட்டோ கைக்கொண்ட நெறி. செடிகளின் பிறப்பிடங்களை ஆராய்வதில் கணவர் ஆண்ட்ரூ அவருக்கு வழிகாட்டினார். பயனற்றதென்று பிறர் கைவிட்ட மண்ணில் இருவரும் கண்ட விடை இது: குறை நிலத்தில் இல்லை, நம் தேர்வில்தான் உள்ளது.