கோடு மட்டும் வந்தால் போதாது

ஏ-9 வீதியில் வவுனியாவிலிருந்து வடக்கே, ஓமந்தையைத் தாண்டினால் புளியங்குளம். நெடுங்கேணி வீதி இங்கிருந்துதான் கிழக்கே பிரிகிறது. 1997இல் இராணுவத்தின் ஜயசிக்குறு நடவடிக்கையின்போது போர்முனை நின்ற ஊர் இது. முன்னரங்கு நின்ற இடங்களில் மிதிவெடி புதைந்தது. அதனால்தான் 2013 செப்ரெம்பரில் ரயில் மீண்டும் கிளிநொச்சிவரை ஓடுமுன், பாதை போகும் நிலத்தைச் சோதித்துத் துப்புரவாக்க வேண்டியிருந்தது. இன்று வீதியோரம் கண்ணில் படுவது காடும் வயலும்தான். எந்தத் துண்டு துப்புரவானது, எது இன்னும் தேடப்படாதது என்பதை மண் காட்டிக்கொடுக்காது, பதிவுதான் சொல்லவேண்டும். அந்தப் பதிவை ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு நகலெடுப்பதை அலுவலகத்தின் சில்லறை வேலையாகப் பலர் நினைக்கிறார்கள். அது மிதிவெடி அகற்றலின் கடைசிக் கட்டம் என்பதே இந்த நிலத்தைப் பார்க்கும்போது எனக்கு உறுதிப்படுகிறது.

பதிவு எப்படி உருவாகிறது என்று பார்த்தால் காரணம் விளங்கும். மிதிவெடி அகற்றும் பணியாளர்கள், அவர்களில் கணிசமானோர் வன்னிப் பெண்கள், குறுகிய ஒழுங்கைக்குள் முழந்தாளிட்டு அங்குலம் அங்குலமாக முன்னேறுகிறார்கள். கருவி ஒலித்தால் அந்த இடத்தைக் குறித்துவிட்டு, பக்கவாட்டிலிருந்து மண்ணை மெல்லச் சுரண்டுகிறார்கள். பி-4 போன்ற மிதிவெடி வகைகளில் உலோகம் மிகக் குறைவு என்பதால், கருவியை மட்டும் நம்பாமல் மண்வாரியால் நிலத்தைக் குறித்த ஆழத்துக்கு வாரி எடுப்பதும் உண்டு. அந்த உழைப்பு முழுவதும் பிறகு தரவாகிறது: தொடக்கக் குறி, எல்லை திரும்பும் புள்ளிகள், கண்டெடுத்த வெடியின் வகை, சோதித்த ஆழம், நிறைவுச் சான்றிதழ், அங்கே முன்பு எவரேனும் காயப்பட்டிருந்தால் அந்த விபத்தறிக்கை. தனித்தனி அட்டவணைகளில் இருந்தாலும் இவை ஒன்றையொன்று சார்ந்தவை. இலங்கையில் இவற்றைப் பேணும் இம்ஸ்மா முறைமை ஜெனீவாவின் மனிதாபிமான மிதிவெடியகற்றல் நிலையம் உருவாக்கியது. அதன் புதிய வடிவம் ஆர்க்ஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளின் மீது நிற்கிறது.

ஆர்க்ஜிஐஎஸ் தரவுத்தளத்தில் ஓர் அடுக்கைக் கொப்பி செய்து இன்னொரு தரவுத்தளத்தில் ஒட்டினால், அதோடு இணைந்த அட்டவணைகளும் தொடர்புகளும் குறியீட்டுப் பட்டியல்களும் கூடவே வரும். அவசரத்தில் ஷேப்ஃபைல் என்ற கோப்பு வடிவத்தில் ஏற்றுமதி செய்தால் கதை வேறு. அதில் புலத்தின் பெயர் 10 எழுத்துக்கு மேல் நிற்காது. தொடர்புகளுக்கும் குறியீட்டுப் பட்டியலுக்கும் இடமே இல்லை. வெடி வகை என்ற புலத்தில் 3 என்ற எண் எஞ்சும். அந்த 3 பி-4ஐக் குறிக்கிறதா, விடுதலைப் புலிகள் செய்த ஜொனி வகை மிதிவெடியைக் குறிக்கிறதா என்று சொல்லும் பட்டியல் பழைய கணினியிலேயே தங்கிவிடும். குறியாக்கத்தைச் சொல்லும் சிறு கோப்பு தவறினால் புளியங்குளம் என்ற பெயரே வாசிக்க முடியாத குறிகளாகலாம். இன்னும் ஆபத்தானது, சில ஏற்றுமதிக் கருவிகள் பதிவு எண்களைப் புதிதாக இடுவது. பழைய எண்ணை நம்பி இணைத்த சான்றிதழ் அப்போது அறுந்துபோகும், அல்லது வேறொரு காணியோடு இணைந்து நிற்கும். அறுந்ததைக் கண்டுபிடிக்கலாம், தவறாக இணைந்தது சரியானதுபோலவே தோன்றும்.

ஆள்கூற்று முறையும் அப்படி ஒரு சார்புதான். நில அளவைத் திணைக்களத்தின் எஸ்எல்டி99 முறை 1830இன் எவரெஸ்ட் நீள்கோளத்தை அடிப்படையாகக் கொண்டது. ஜிபிஎஸ் கருவி தருவது டபிள்யூஜிஎஸ்84 என்ற வேறொரு முறை. எது எது என்ற குறிப்பு நகலில் தொலைந்து, ஒன்றின் அகலாங்கு நெட்டாங்கை மற்றதன் அளவாக எடுத்துக்கொண்டால் எல்லைக்கோடு ஏறக்குறைய 200 மீற்றர் விலகும். மிதிவெடி வரிசை ஒன்றின் அகலம் அதைவிட மிகக் குறைவு. ஆகவே வரிசை முழுவதுமே திரையில் அடுத்தவர் காணிக்குப் போய்விட, ஆபத்தான நிலம் வெறுமையாகத் தெரியும்.

களத்துக்கு இலேசான கோப்புப் போதும், கிராம அலுவலருக்கு ஒரு கோடு தெரிந்தால் சரி என்று வாதிடுவோர் உண்டு. பார்வைக்கான படத்துக்கு அது நியாயம். ஆனால் கோடு, எவ்வளவு ஆழத்துக்குச் சோதித்தார்கள் என்று சொல்லாது. உழுவதற்குப் போதுமான ஆழம் கிணறு வெட்டப் போதாமல் போகலாம். மூலப்பதிவு தேசிய மிதிவெடி செயற்பாட்டு நிலையத்தில் இருக்கிறதே என்பது இன்னொரு வாதம். இருக்கட்டும், வீட்டுத்திட்டத்துக்கும் வீதிக்கும் இடம் குறிப்பவர்கள் தங்கள் கையிலுள்ள நகலைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள். மென்பொருளே சார்புகளைத் தேடி எடுத்துவரும்போது மனிதர் எதற்கு என்று கேட்பவர்களுக்கும் ஒரு பதில் உண்டு: அது அறிவித்து வைத்த தொடர்புகளை மட்டுமே அறியும். வேறொரு கோப்புறையில் கிடக்கும் கைவரைபடத்தின் ஸ்கேன் பிரதியை அது தேடிப் போகாது.

இலங்கை 2017 டிசெம்பரில், மிதிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் இணைந்தது. நிலத்தைத் துப்புரவாக்க அது தரும் காலக்கெடு 2028 ஜூன் 1. வேலை முடிய முடிய நிறுவனங்கள் சுருங்கும், தரவை அறிந்தவர்கள் வேறு தொழிலுக்குப் போவார்கள். கையளிப்புகள் அந்த நேரத்தில்தான் பெருகும். ஆகவே பிரதேச செயலகங்களும் 2021இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியா பல்கலைக்கழகமும் இப்போதே இளைஞரை இந்த வேலைக்குப் பழக்க வேண்டும். ஒவ்வொரு நகலுக்குப் பின்னும் இரு பக்கத்துப் பதிவுகளை எண்ணி ஒப்பிடுங்கள். ஏதாவது ஒரு காணியை எடுத்து அதன் சான்றிதழ்வரை தொடர்ந்து சென்று பாருங்கள். நிலத்தில் தெரிந்த ஓர் இடத்தோடு, புளியங்குளம் ரயில் நிலையத்தோடு என்று வையுங்கள், வரைபடம் பொருந்துகிறதா என்று சரிபாருங்கள். இம்மூன்றும் செய்யாத நகலை எந்த அலுவலகமும் ஏற்றுக்கொள்ளக் கூடாது.