எரியாத நாள்கள்

பெட்ரோல் நிலையத்துக்குள் வண்டியைச் செலுத்தும்போது நம் கண்கள் எவற்றை நாடுகின்றன? முதலில் விலைப் பலகையை. அடுத்து, பம்பிலுள்ள எண்கள் பூச்சியத்தில் நிற்கின்றனவா என்பதை. பின்னர், வரிசையில் நமக்கு முன்னால் எத்தனை பேர் என்பதை. ஓரமாக, ஓர் இரும்புச் சட்டத்தில் வரிசையாகத் தொங்கும் சிவப்பு வாளிகள் கண்ணில் பட்டும் படாமலும் போய்விடுகின்றன. அவற்றில் இருப்பது வெறும் மணல். ஆண்டுக்கணக்கில் அதே இடத்தில், யாரும் கைதொடாமல் அவை காத்துக்கிடக்கின்றன. உருண்டையான அடிப்பாகம் கொண்டவை. தரையில் வைத்தால் நிற்காமல் சாய்ந்துவிடும். வேறெந்த வேலைக்கும் அவற்றை எவரும் எடுத்துச் செல்லாதிருக்கவே அந்த வடிவம் என்பார்கள். ஒரே ஒரு வேலைக்கென்று செய்யப்பட்டு, அந்த வேலை ஒருநாளும் வந்துவிடக் கூடாது என்று எல்லாரும் விரும்புகின்ற பொருள்கள் உலகில் மிகச் சிலவே.

இந்த வாளிகளையும், அவற்றின் அருகே நிற்கும் தீயணைப்புக் கருவிகளையும், குறிப்பிட்ட கால இடைவெளியில் ஒருவர் வந்து பார்க்கிறார், பதிவேட்டில் எழுதுகிறார், கையொப்பமிட்டுச் செல்கிறார். எவரும் பாராட்டாத, எந்தச் செய்தித்தாளிலும் இடம்பெறாத பணி அது. அதைப் பற்றித்தான் வாசக அன்பர்களோடு சற்றுச் சிந்திக்க விழைகிறோம்.

பெட்ரோலின் இயல்பை அறிந்தால்தான் இந்தச் சோதனையின் அருமை விளங்கும். உண்மையில் எரிவது நாம் காணும் அந்த நீர்மம் அன்று. அதிலிருந்து எழும் ஆவியே எரிகிறது. நீர் உறையும் நிலைக்கும் கீழே ஏறத்தாழ 40 பாகை வரை குளிர்ந்தாலும்கூட, தீப்பற்றப் போதுமான ஆவியைப் பெட்ரோல் வெளிவிட்டுக்கொண்டே இருக்கும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் அதன் வேகத்தைச் சொல்லவே வேண்டாம். அந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. ஆதலால் மேலெழுந்து கலைந்துபோகாமல், தரையோடு தரையாகத் தவழ்ந்து பள்ளங்களிலும் சாக்கடைகளிலும் தேங்குகிறது. காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு அது கலந்திருந்தாலே போதும். சிறு பொறி பட்டதும் பற்றிக்கொள்ளும். கண்ணுக்குப் புலப்படாத இந்தப் பகையை மூக்குத்தான் காட்டிக்கொடுக்கிறது. நாள்தோறும் முகர்ந்து பழகிய மூக்குக்கோ அதுவும் புலப்படுவதில்லை.

பொறிக்கு அங்கே பஞ்சமில்லை. ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரம், உறை கிழிந்த மின்கம்பி, யாரோ ஒருவர் மறந்துபோய்க் கிழிக்கும் தீக்குச்சி ஆகியவை ஒருபுறமிருக்க, குழாயினுள் எரிபொருள் ஓடும் ஓட்டமே நிலைமின்னூட்டத்தை உண்டாக்கிவிடும். அதனால்தான், டேங்கர் லாரி வந்து நின்றதும் இயந்திரத்தை நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, எர்த் கம்பியை இணைத்து, தீயணைப்புக் கருவியைக் கைக்கெட்டும் தொலைவில் வைத்து, சற்று நேரம் பொறுத்திருந்து, அதன் பின்னரே குழாயைப் பூட்டுகிறார்கள். நிலத்தடித் தொட்டியின் ஆவி வெளியேறும் குழாய், தரையிலிருந்து குறைந்தது 4 மீட்டர் உயரத்தில் திறந்த வெளியில் முடிய வேண்டும். 1934-ஆம் ஆண்டின் பெட்ரோலியச் சட்டமும், அதன்கீழ் 2002-இல் வகுக்கப்பட்ட விதிகளும் இத்தகைய ஒழுங்குகளை ஒவ்வொன்றாக எடுத்துரைக்கின்றன. படிப்பவர்க்கு வறண்ட வாசகங்களாகத் தோன்றலாம். ஆனால், ஒவ்வொரு விதியின் பின்னாலும் எங்கோ எரிந்துபோன ஓர் இடமும், எவரோ இழந்துபோன உயிரும் இருக்கின்றன என்றே நமக்குத் தோன்றுகிறது.

வாளியில் நீர் இராமல் மணல் இருப்பதற்கும் அத்தகைய காரணம் உண்டு. நெருப்பென்றால் நீர் என்று நம் மனம் பழகியிருக்கிறது. பெட்ரோலோ நீரைவிட இலேசானது, நீரின்மேல் மிதப்பது. எரியும் பெட்ரோல்மீது நீரை ஊற்றினால், அந்த நீரின்மேல் ஏறித் தீயும் ஓடும். 2015-ஆம் ஆண்டு ஜூன் 3-ஆம் நாள், கானா நாட்டின் தலைநகரான அக்ராவில் பெருமழை கொட்டியது. மழைக்கு ஒதுங்கிய மக்கள் ஒரு பெட்ரோல் நிலையத்தின் கூரையடியில் கூடிநின்றனர். தெருவெங்கும் வெள்ளம். அந்த வெள்ளத்தில் கலந்து மிதந்த எரிபொருள் தீப்பற்றியது. அன்றைய தீயிலும் வெள்ளத்திலுமாக 150-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். நீருக்கு அஞ்சி ஒதுங்கியவர்களை, நீரின்மேல் ஏறிவந்த நெருப்பு கொன்றது.

இவற்றையெல்லாம் நூல்களிலும் செய்திகளிலும் படித்தறியலாம். ஆயினும், சோதனை என்பது யாது என்பதை நாம் நேரில் கண்டுகொண்டது ஒரு நெடுஞ்சாலைப் பெட்ரோல் நிலையத்தில்தான். சில ஆண்டுகளுக்கு முன், வண்டியின் டயர் பஞ்சராகி, அங்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருக்க நேர்ந்தது. அப்போது தீப் பாதுகாப்பைச் சோதிக்க ஓர் அலுவலர் வந்தார். ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர். மேலாளர் விரைந்து வந்து நாற்காலி போட்டார், இளநீர் வரவழைத்தார், பதிவேட்டை விரித்து, பேனாவையும் திறந்து அதன்மேல் வைத்தார். வந்தவர் உட்காரவில்லை. நேரே வாளிகளிடம் சென்று, ஒரு வாளியின் மணலுக்குள் விரலை நுழைத்துப் பார்த்தார். விரல் இறங்கவில்லை. மழையில் நனைந்தும் வெயிலில் காய்ந்தும் அந்த மணல் இறுகிக் கல்லாகியிருந்தது. அடுத்த வாளியில் தேநீர்க் குவளைகள் கிடந்தன. வெளியிலிருந்து பார்த்தால் எல்லா வாளிகளும் புதுச்சாயம் பூசிப் பளபளவென்றே இருந்தன.

தீயணைப்புக் கருவிகளின் அழுத்தமானியில் முள் பச்சைப் பகுதியில் நின்றது. தேதிகளும் சரியாகவே இருந்தன. அவர் தலையசைத்துவிட்டு, பம்பின் அருகே நின்றிருந்த இளம்பெண்ணை அழைத்தார்.

"எங்கேம்மா, இதை எடுத்து எப்படி அடிக்கிறதுன்னு காட்டுங்க பார்ப்போம்."

அந்தப் பெண் தயங்கி நின்றார். கருவியைத் தூக்கினார், எந்த ஊசியை இழுப்பது, எந்தப் பிடியை அழுத்துவது என்று தெரியாமல் திகைத்தார்.

அலுவலர் பதிவேட்டைப் புரட்டினார். "போன மாசப் பயிற்சியிலே உங்க பேருக்கு நேரே கையெழுத்து இருக்கேம்மா?"

மேலாளரின் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, அந்தப் பெண் தாழ்ந்த குரலில் சொன்னார்: "அது நான் போட்டது இல்லீங்க ஐயா. அன்னைக்கு எனக்கு லீவு."

அந்தச் சொற்களை உதிர்க்க அவருக்கு எவ்வளவு துணிவு வேண்டியிருந்திருக்கும் என்று அருகில் நின்ற நமக்கே புரிந்தது. மாதம் முடிந்தால் வரும் ஊதியத்தை நம்பி வாழ்பவர் அவர். அலுவலர் எவரையும் கடிந்துகொள்ளவில்லை. இரண்டு பம்புகளை நிறுத்தச் சொன்னார். மறுநிரப்பு நாள் நெருங்கியிருந்த ஒரு கருவியை எடுத்துக்கொண்டு, பணியாளர்கள் அனைவரையும் பின்புறக் காலி மனைக்கு அழைத்துச் சென்றார். காற்று வீசும் பக்கத்துக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும். ஊசியை இழுத்துவிட வேண்டும். சுடரைக் குறிவைக்காமல் அதன் அடியைக் குறிவைத்து இடமும் வலமுமாக வீசியடிக்க வேண்டும். ஒவ்வொருவராகக் கருவியைத் தூக்கிப் பழகச் செய்த பின், அந்தப் பெண்ணையே இயக்கச் சொன்னார். வெண்பொடி சீறிக்கொண்டு பாய்ந்தது. சில விநாடிகளில் ஓய்ந்தும் போயிற்று.

"இவ்வளவுதானா ஐயா?" என்று அவர் வியப்போடு கேட்டார்.

"இவ்வளவுதாம்மா. அதனாலதான் முதல் அடியே சரியா இருக்கணும்."

இதற்குள் வெளியே வண்டிகள் வரிசைகட்டி ஒலியெழுப்பத் தொடங்கியிருந்தன. இதையெல்லாம் இரவில் வைத்துக்கொள்ளக் கூடாதா என்று ஒருவர் கூவினார். அலுவலர் அதற்கு மறுமொழி கூறாமல் திரும்பி வந்து, பதிவேட்டில் நிறுத்தி நிதானமாக எழுதினார். மணல் மாற்றப்பட வேண்டும் என்றும், பயிற்சி அளிக்கப்பட்டதாக உள்ள பதிவு உண்மைக்கு மாறானது என்றும் அவர் எழுதியதை, மேலாளர் உரக்கப் படித்து முறையிட்டபோதுதான் நாம் அறிந்தோம். கிளம்பும்போது அவர் மேலாளரிடம் சொன்னது இன்னும் நம் செவிகளில் இருக்கிறது: "இந்தப் பொண்ணு உண்மையைச் சொன்னதுக்காக அவ வேலைக்கு ஏதாவது வந்துச்சுன்னா, அடுத்த தடவை அதைத்தான் முதல்ல கேட்பேன்."

அந்த நாளுக்குப் பின், கையொப்பம் என்னும் சிறு செயலைப் பற்றி நாம் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறோம். வாளியின் சாயத்தைப் பார்த்துக் கையொப்பமிடுவது எளிது. மணலுக்குள் விரலை விடுவதற்கு ஒரு கணமே கூடுதலாக ஆகும். அந்த ஒரு கணத்தில்தான் சோதனை என்பதும் சடங்கு என்பதும் பிரிகின்றன. கருவி சரியாக இருக்கிறதா என்ற கேள்வியோடு பலர் நின்றுவிடுகிறார்கள். தீக்கு மிக அருகில் நிற்கப்போகும் கைக்கு அந்தக் கருவி பழகியிருக்கிறதா என்பதே முடிவான கேள்வி. அந்தக் கை பெரும்பாலும் நிலையத்திலேயே மிகக் குறைந்த ஊதியம் பெறும் கையாக இருக்கிறது. அவருக்குப் பதிலாக இன்னொருவர் பதிவேட்டில் கையொப்பமிடலாம். தீ மூளும் நாளில் அவருக்குப் பதிலாக அங்கே நிற்க யாரும் வரமாட்டார்கள்.

பார்த்தும் பாராமல் விடுவதன் விலையைத் தமிழகம் அறியும். 2004-ஆம் ஆண்டு ஜூலை 16-ஆம் நாள் கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் மூண்ட தீயில் 94 குழந்தைகள் மாண்டனர். அங்கிருந்த கீற்றுக்கூரையும் ஒடுங்கிய படிக்கட்டும் ஓர் இரவில் முளைத்தவை அல்ல. வந்தவர் போனவர் அனைவர் கண்ணெதிரேயும் இருந்தவை. அதன் பின்னரே தமிழகப் பள்ளிகளில் கீற்றுக்கூரைகள் அகற்றப்பட்டன. பெற்றோர் இல்லங்களில் அழுகுரல் எழுந்த பிறகு வந்த அந்த விழிப்பு, ஒரு நாள் முன்னதாக வந்திருக்கலாகாதா?

நாட்டின் தீயணைப்புப் பணி நாள் பிறந்த வரலாறும் இத்தகையதே. 1944-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் நாள், பம்பாய்த் துறைமுகத்தில் 'ஃபோர்ட் ஸ்டிகின்' என்னும் கப்பலில் தீப்பிடித்தது. பஞ்சுப் பொதிகளையும் வெடிபொருள்களையும் அந்த ஒரே கப்பலில் ஏற்றியிருந்தார்கள். தீயை அணைக்கச் சென்ற வீரர்களில் 66 பேர் அந்த வெடிப்பில் உயிர் நீத்தனர். அவர்கள் நினைவாகவே ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம் கடைப்பிடிக்கப்படுகிறது. மாண்ட வீரர்களுக்கு மலர்வளையம் வைப்பது நம் கடமை. அத்தகைய வீரம் எவருக்கும் தேவைப்படாதவாறு பார்த்துக்கொள்வது அதனினும் பெரிய கடமை அல்லவா?

வருமுன் காக்காதவனின் வாழ்வுக்குத் திருவள்ளுவர் குற்றங்கடிதல் அதிகாரத்தில் காட்டும் உவமை, நெருப்பின் எதிரே கிடக்கும் வைக்கோற்போர். வைக்கோலின் அழிவுக்குப் பெரிய காரணம் எதுவும் வேண்டியதில்லை. நெருப்புக்கு அருகில் காவலின்றிக் கிடப்பதே போதும். ஒவ்வொரு பெட்ரோல் நிலையமும் ஆயிரக்கணக்கான லிட்டர் எரிபொருளை நிலத்தடியில் வைத்துக்கொண்டு, வீடுகளுக்கும் கடைகளுக்கும் நடுவே அமைதியாக நிற்கிறது. அந்த அமைதி தானாக வாய்த்ததன்று. யாரோ ஒருவர் முறைதவறாமல் காத்துத் தந்தது.

ஆயினும், காவலின் வெற்றிக்கு அடையாளமே இல்லை என்பதுதான் அதன் தனிமை. தீயை அணைத்தவருக்குப் பதக்கம் உண்டு. தீயே மூளாமல் பார்த்துக்கொண்டவருக்கு என்ன உண்டு? அவர் உழைப்பின் பயன் ஒரு சாதாரண நாள். வண்டிகள் வந்தன, எரிபொருள் நிரப்பின, சென்றன. பணியாளர்கள் மாலையில் வீடு திரும்பினர். குழந்தைகள் வாசலில் காத்திருந்தனர். எரிந்த நாளை ஊர் தலைமுறை தலைமுறையாக நினைவில் வைத்திருக்கும். எரியாத நாள்களுக்குக் கணக்கு வைப்பார் எவருமில்லை. கணக்கில் வராத அந்த நாள்களுக்காக விரலை மணலில் விட்டுப் பார்ப்பவரிடம் இருப்பது வெறும் கடமையுணர்வு மட்டுமன்று. முகமறியாத அயலார்மீது கொண்ட அன்பும் அதில் இருக்கிறது. ஆரவாரமற்ற அன்பு அது. பெறுபவருக்கே தெரியாமல் போய்ச் சேர்வது.

அந்த அன்பில் நமக்கும் பங்குண்டு. நிலையத்துள் நுழைந்ததும் இயந்திரத்தை நிறுத்துவதும், இருசக்கர வண்டியாயின் இறங்கி நிற்பதும், செல்பேசியைப் பையில் வைத்துக்கொள்வதும் அறிவிப்புப் பலகைக்குக் காட்டும் கீழ்ப்படிதல் என்று நினைக்க வேண்டியதில்லை. எட்டு மணி நேரமும் அந்த ஆவிக்கு நடுவிலேயே நிற்கும் ஒருவர்மீது காட்டும் பரிவு என்று நினைத்தால் அவை எளிதாகிவிடும். சிவப்பு வாளியில் குப்பையைக் கண்டால், பொறுப்பாளரிடம் ஒரு சொல் கூறலாம். பயிற்சி நடக்கிறது, டேங்கர் இறங்குகிறது, சற்றுப் பொறுங்கள் என்று ஒரு பணியாளர் கைகாட்டி நிறுத்தினால், ஒலிப்பானை அழுத்தாமல் பொறுத்திருக்கலாம். நமக்குப் பத்து நிமிடம் தாமதமாகும். அவர் மாலையில் வீடு திரும்புவார்.